வோல்ட்மீட்டருக்கு இட்ட பொட்டு

போன வாரம் எங்கள் வீட்டில் வயரிங் மாற்றினார்கள். வந்த எலக்ட்ரீஷியன் பையன் நல்ல சுறுசுறுப்பு. பரண்மேல் ஏறி, வேண்டாத சாமானையெல்லாம் ஒதுக்கிக்கொண்டே வந்தவன், தூசி படிந்த ஒரு மரப்பலகையை இறக்கிக் கூடத்தில் வைத்தான். அதில் இரண்டு வட்ட மீட்டர்கள், ஒரு மெயின் சுவிட்ச், காய்ந்துபோன ஃபியூஸ் கட்டை.

"பெரியம்மா, இந்த மீட்டர் கண்ணாடியில என்னங்க செவப்பா ஒட்டியிருக்குது? தொடச்சு உட்ரட்டுங்களா?"

"கைய எடு சாமி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்னால் போய்விட்டான். பாவம், ஷாக் அடித்துவிடும் என்று சொல்கிறேன் போலிருக்கிறது என நினைத்திருப்பான். ஷாக் அடிக்க அதில் ஒன்றுமில்லை. பலகையைப் பக்கத்தில் இழுத்து முகர்ந்து பார்த்தேன். நீங்கள் சிரிக்கலாம். பழைய சந்தனமும் கருகின உமியும் கலந்த ஒரு வாசம் இன்னும் இருந்தது. அந்த வாசம் என்னை ஒரு மார்கழி மாதத்துக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. அப்புறம் அன்றைக்கு மதியச் சமையல் தாமதம்தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பெண். ஏற்காடு மலைக் காற்று வாசலில் வந்து விழும் ஊர். சேலத்துக்கு பஸ்ஸில் போய் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தேன். படித்து முடித்த சூட்டோடு நாமக்கல் பக்கத்துத் தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பிசிக்ஸ் என்றால் என்ன என்று யாருக்கும் தெளிவில்லை. ரேடியோ ரிப்பேர் பார்க்கிற படிப்பு என்று ஒரு பேச்சு பரவி, கல்யாணமான முதல் வாரத்திலேயே ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருவர் ஓடாத ரேடியோவைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டார். நான் அதைத் திறந்தேன், பார்த்தேன், திரும்ப மூடினேன். ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிட்டது. அந்த ஸ்க்ரூவை முந்தானையில் முடிந்துகொண்டது எனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அப்போது ஒரே கனவு, கோழிப்பண்ணை. நாமக்கல் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். மாமனாருக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. மூத்த மகன், அதாவது இவருடைய அண்ணன், லாரி வைத்திருந்தார். கல்கத்தா, பம்பாய் என்று போனால் திரும்பி வர மாதக்கணக்கு. இவரையும் அந்த லாரியிலேயே ஏற்றிவிட வேண்டும் என்பது மாமனார் எண்ணம். இவர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஷெட் போட்டு, முதல் பேட்ச் குஞ்சுகளை இறக்கிய அன்றைக்கே மாமனார் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்தக் குஞ்சு தேறிருச்சுன்னா செரி. தேறலீன்னா பொங்கல் கழிச்சு நீ அண்ணங்கூட லாரிக்குப் போயிரோணும். பொறவு ஒண்ணும் பேசப்படாது."

நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. இவருடைய அண்ணியின் நிலைமையை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் எந்த லாரி ஹாரன் அடித்தாலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து எட்டிப் பார்ப்பார். அந்த ஓட்டம் எனக்கு வேண்டாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்த மனிதர் வீட்டிலேயே இருக்க வேண்டும். குஞ்சுகள் பிழைத்தால் அவர் இருப்பார், செத்தால் கல்கத்தா போய்விடுவார். என் மொத்த வாழ்க்கையும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வந்த ஐந்நூறு மஞ்சள் பஞ்சுருண்டைகளிடம் மாட்டிக்கொண்டது.

குஞ்சுக்கு முதல் மூன்று வாரம் சூடு வேண்டும். தாய்க்கோழி இல்லாத குறைக்கு பல்புதான் தாய். தரையில் உமி பரப்பி, வட்டமாகத் தகரத் தடுப்பு வைத்து, மேலே தகரக் குடையில் பத்து பல்புகள், ஒவ்வொன்றும் நூறு வாட். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பண்ணைக்காரர்கள் கணக்கு. ஐந்நூறு குஞ்சுக்கு ஆயிரம் வாட். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் விடியற்காலையில், தினமும் சில மணி நேரம் மட்டும் விடுகிற மோட்டார் கரண்ட் வந்ததும் சுற்றுப்பட்டுக் கிணறுகளில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். அந்த லைனில் எங்கள் தோட்டம் கடைசி. பல்புகள் அப்படியே சுண்டிப்போய், பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிடும். டியூப் லைட் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும், பிடிக்காது. மார்கழிக் குளிர் வேறு. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கீச்சுக் கீச்சென்று கத்தும். அடியில் மாட்டியது நசுங்கிவிடும்.

இவருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. டவுனுக்கு சைக்கிளில் பறந்துபோய் இன்னும் பத்து பல்புகள் வாங்கிவந்து மாட்டிவிட்டார். குஞ்சுகள் கலைந்து சந்தோஷமாகத் தீனி பொறுக்கின. இவர் மீசையைத் தடவிக்கொண்டார். அந்த மீசைத் தடவலுக்கு ஆயுசு கொஞ்ச நேரம்தான். மோட்டார் கரண்ட் நின்றதும் வோல்டேஜ் குபீரென்று ஏறி, இருபது பல்புகளும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. குஞ்சுகளெல்லாம் தடுப்போரமாக ஓடி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கின. ஒரு பல்பு டப்பென்று வெடித்தது. உமியில் ஓர் ஓரம் கருகி, அந்த வாசம் வீடு வரை வந்தது.

"அட கெரகமே! குளுரு அடிச்சாலும் சாவுது, சூடு அடிச்சாலும் சாவுது. இதென்றா பொழப்பு?" என்றார் மாமனார். வாசலில் நின்றுகொண்டே லாரிக்கார அண்ணனுக்குத் தகவல் சொல்லச் சொல்லிவிடுவாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் இந்தப் பலகை வருகிறது. ஆட்டையாம்பட்டியில் ஏதோ ஒரு தறிப்பட்டறையைக் கலைத்தபோது இவர் வாங்கிவந்தது. "ஆபீசாட்ட இருக்குதல்லோ" என்பதைத் தவிர அதை வாங்க வேறு காரணம் கிடையாது. ஒரு வோல்ட்மீட்டர், ஒரு அம்மீட்டர். ஷெட்டு பல்புகளுக்கெல்லாம் கரண்ட் இந்தப் பலகை வழியாகத்தான் போகும். முள் இரண்டும் நன்றாகவே ஆடும். ஆனால் எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் ஷெட் பூஜையன்று அத்தை, அதாவது என் மாமியார், பலகைக்கு அலங்காரம் செய்திருந்தார். அத்தை பொட்டு வைத்தால் சிக்கனமெல்லாம் பார்க்க மாட்டார். மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி ஒவ்வொரு மீட்டர் கண்ணாடிக்கும் நட்ட நடுவே அப்பி, அதன்மேல் கட்டைவிரலால் குங்குமம். முள் கிளம்புகிற இடம் தெரியும், நடுவில் சந்தனத்துக்குள் மறைந்துவிடும்.

"ஏனுங்க, வோல்ட்டும் ஆம்பியரும் தெரிஞ்சா எத்தனை பல்பு போடணும்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லிடுவேன்," என்றேன் இவரிடம்.

"அவ்வளவுதான? தொடச்சாப் போச்சு," என்று தோள் துண்டை எடுத்தார்.

அத்தை எங்கிருந்துதான் வந்தாரோ. "யேய்! பூசையில வெச்ச பொட்டப் போயி அழிக்கறதா? ஊட்டுக்கு மருமவ வந்து ஆறு மாசங்கூட ஆவல. பொட்ட அழிக்கற பேச்சு பேசறீங்களே, வாயக் களுவுங்க!"

துண்டு தோளுக்கே திரும்பிப் போய்விட்டது. எனக்கும் சுருக்கென்றது. நெற்றிப் பொட்டோடு புதுசாய் வந்த பெண், பொட்டை அழிக்கச் சொல்லி யோசனை சொல்லியிருக்கிறேன். ஓமின் விதி என்னவோ சொல்லலாம், அத்தையின் விதி வேறு. அன்றைக்கு முழுக்க நான் அத்தை முகத்தைப் பார்க்காமலேயே பாத்திரம் தேய்த்தேன். ஷெட்டில் குஞ்சுகள் கத்துகிற சத்தம் தேய்க்கிற சத்தத்தையும் மீறிக் கேட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தை சாமி அறையில் விளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தார். போன வாரத்துச் சந்தனத்தைக் கழுவிவிட்டுப் புதுப் பொட்டு வைத்தார். பார்த்துக்கொண்டே நின்ற எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை.

"அத்தை, விளக்குக்கு மட்டும் வாராவாரம் புதுப் பொட்டு. அந்தப் பலகைச் சாமிக்கு ஒரே பொட்டுதானுங்களா? சந்தனமெல்லாம் வெடிச்சுப் போச்சுங்க."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். தந்திரம் புரிந்துவிட்டது, சந்தேகமே இல்லை. உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். "பேச்சப் பாரு சேலத்துக்காரிக்கு. செரி வா சாமி, தண்ணி ஊத்தி அபிசேகமே பண்ணிப்போடலாம்," என்று செம்பை எடுத்துவிட்டார்.

அபிஷேகமா! மெயின் சுவிட்ச் பலகைக்கு ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர்! நான் முன்னால் ஓடினேன். இவர் மெயினை இறக்கி ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அத்தையைக் கெஞ்சி, செம்பை வாங்கி, ஈரத்துணியில் மட்டும் துடைக்க வைத்தேன். வோல்ட்மீட்டர் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி மெயினை ஏற்றியதும் முள் எழுந்து நூற்று அறுபதில் நின்றது. இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடம்.

பத்து பல்புகளை மட்டும் போடச் சொல்லிவிட்டு, சாக்கட்டியை எடுத்து ஷெட்டின் தகரக் கதவில் கணக்கை ஆரம்பித்தேன். ஆயிரம் வாட், இருநூற்று முப்பது வோல்ட் என்றால் பத்து பல்புக்கும் சேர்ந்த மின்தடை ஐம்பத்து மூன்று ஓம். ஓமுக்கான குறியை வளைத்துப் போட்டேன்.

"மார்கழிக் கோலமாம்மா? இதென்ன, மாட்டு லாடமா?" என்றார் பின்னால் வந்து நின்ற மாமனார்.

"ஓம்ங்க மாமா."

"ஓஹோ, சாமி பேரு," என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

நூற்று அறுபதை நூற்று அறுபதால் பெருக்கி ஐம்பத்து மூன்றால் வகுத்தேன். நானூற்று எண்பத்து மூன்று. "பார்த்தீங்களா, ஆயிரம் வாட் எரியுதுன்னு நினைச்சோம். பாதிகூட எரியலை. நூறு வாட்னு பல்புமேல எழுதியிருந்தாப் போதுமா? வோல்ட் வரணுமே," என்று பெருமையாகச் சொன்னேன். அதற்குள் அத்தை அம்மீட்டரையும் துடைத்து முடித்திருந்தார். முள் மூன்றரையைக் கொஞ்சம் தாண்டி, மூன்று புள்ளி ஆறில் இருந்தது. வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். நூற்று அறுபது பெருக்கல் மூன்று புள்ளி ஆறு, ஐந்நூற்று எழுபத்தாறு.

நானூற்று எண்பத்து மூன்று எங்கே, ஐந்நூற்று எழுபத்தாறு எங்கே! காது மடல் சூடாகிவிட்டது. மூன்று பேரும் கதவையே பார்க்கிறார்கள்.

"கணக்கு ஒதைக்குதாட்ட இருக்குது," என்றார் மாமனார். குரலில் லாரி ஹாரன் கேட்டது எனக்கு.

இன்னொரு தடவை போட்டேன். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. நூற்று அறுபதை மூன்று புள்ளி ஆறால் வகுத்தால் நாற்பத்து நான்கு. ஐம்பத்து மூன்றாக இருந்த தடை நாற்பத்து நான்காக எப்படி இறங்கும்? சாக்கட்டியைக் கடித்துக்கொண்டு பல்பைப் பார்த்தேன். சிவந்த இழை. அப்போதுதான் உறைத்தது. கம்பி சூடேறச் சூடேறத் தடை ஏறும், சூடு குறைந்தால் தடையும் இறங்கும். கல்லூரியில் பரீட்சைக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதியதோடு மறந்தும் போயிருக்கிறேன். பல்பு மங்கலாக எரியும்போது தடை குறைகிறது, அதனால் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கரண்ட் இழுக்கிறது. என் பழைய கணக்கை நம்பியிருந்தால் ஆயிரம் வாட்டுக்கு இருபத்தோரு பல்பு வேண்டும் என்று சொல்லியிருப்பேன். மீட்டர் சொன்ன கணக்குக்குப் பதினெட்டே போதும்.

இதை நான் விளக்கினேன். இவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சூடாயிட்டா எதிர்ப்பு ஜாஸ்தியாவுது. அப்படியே எங்கம்மா," என்றார்.

"ஆமாண்டா, நாந்தான் கெடச்சனா உனக்கு," என்று அத்தை ஈரத்துணியை அவர்மேல் வீசினார். மாமனார்கூடச் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்து பல்புக்கு ஒரு சுவிட்ச், கூடுதல் எட்டுக்கு இன்னொரு சுவிட்ச் என்று இவர் பிரித்தார். வோல்டேஜ் விழுந்தால் இரண்டும், ஏறினால் ஒன்று மட்டும். சரி, எப்போது விழுகிறது, எப்போது ஏறுகிறது என்று பக்கத்திலேயே யாராவது இருந்து பார்க்க வேண்டுமே. ஷெட்டில் அதிக நேரம் இருப்பவர் அத்தை. அத்தைக்கு எண் படிக்கத் தெரியாது. இது யாருக்கும் அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. அத்தைதான் குங்குமச் சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு, மூளியாக நின்ற வோல்ட்மீட்டரைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப எங்க கண்ணு வெக்கட்டும்? அந்த முள்ளு எங்க வந்து நிக்கோணும்?"

"இங்கங்க அத்தை, இந்த இடத்துக்கு வரணும்," என்று இருநூற்று முப்பதைக் காட்டினேன்.

"அப்ப அங்கயே வெப்போம். வந்து சேரட்டும் மவராசன்," என்று, விரல் நுனியில் தொட்டு, கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். என்னமோ வேண்டுதல் வைக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

முற்பகலில் மோட்டார் கரண்ட் நின்றபோது நான் அடுப்படியில் இருந்தேன். ஷெட்டிலிருந்து அத்தை கத்தினார். "கண்ணூ! முள்ளு பொட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுருச்சு!"

ஓடினேன். நான் போவதற்குள் அத்தை இரண்டாவது சுவிட்சை அணைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். முள் பொட்டுக்குப் பின்னால் போனால் எட்டு பல்பை அணைக்க வேண்டும், வெளியே வந்து இடதுபக்கம் சாய்ந்தால் போட வேண்டும். நான் சொல்லித்தரவில்லை, அவராகவே பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் வோல்ட், ஆம்பியர் என்ற பேச்சே கிடையாது. "ஒளிஞ்சுருச்சா?" "இன்னும் ஒளியல." "எட்டிப் பாக்குது." இவ்வளவுதான். விடியலில் நானும் இவரும் ஷெட்டு வாசலில் ஆளுக்கொரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்திருப்போம், உள்ளேயிருந்து அத்தை இதையெல்லாம் அறிவித்துக்கொண்டிருப்பார். குஞ்சுகள் உமிமேல் அரிசி தூவினாற்போல் பரவிக்கிடக்கும். அவ்வளவு சந்தோஷமான குளிர்காலம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பொங்கல் கழிந்த மறுநாள் வாசலில் நிஜமான ஹாரன் கேட்டது. அண்ணன் லாரியோடு வந்திருந்தார், தம்பியை அழைத்துப் போக. இவருடைய தகரப் பெட்டியை மாமனார் முன்பே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். நான் எடுத்து வைத்திருந்தேன், ஆனால் ஒரு வேட்டியைக்கூட அதில் வைக்கவில்லை. மாமனார் நேராக ஷெட்டுக்குள் போனார். நாங்கள் எல்லோரும் வெளியே நின்றோம். ரொம்ப நேரம் ஆனதாக எனக்குத் தோன்றியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது மாமனார் கையில் ஒரு குஞ்சு இருந்தது. மஞ்சள் போய் வெள்ளை இறகு முளைத்து, முரட்டுத்தனமாக அவர் விரலைக் கொத்திக்கொண்டிருந்தது. அதன் இறகை ஊதிப் பார்த்தார்.

"பெரியவனே, நீ வேற ஆள் பாத்துக்க. இதுக்குப் பக்கத்துல ஒருத்தன் இருந்துக்கிட்டே இருக்கோணுமாட்ட இருக்குது," என்றார்.

பெட்டி காலியாக இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பாருங்கள். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான், நாற்பது வருஷமாக வீட்டிலேயே இருக்கிறார். சில நாள் இவர் காப்பி காப்பி என்று படுத்துகிற பாட்டில், ஒரு நடை கல்கத்தா அனுப்பியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றும்.

அத்தை இருந்த வரைக்கும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழையதைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் பொட்டு வைத்தார். பல்புகள் போய், குஞ்சுகளுக்குச் சூடு காட்ட கேஸ் அடுப்பு வந்த பிறகும் வைத்தார். பலகைக்குக் கரண்ட் இணைப்பே போய், முள் எங்கும் போகாமல் நின்ற காலத்திலும் வைத்தார். இப்போது எங்கள் தோட்டத்தில் கோழிகள் இல்லை. சுற்றிலும் இருப்பவை எல்லாம் இரும்புக் கூண்டு வைத்த பெரிய ஷெட்டுகள், சூடும் காற்றும் தானாகவே ஏறி இறங்குகின்றன. நூறு வாட் குண்டு பல்பு வேண்டும் என்று கடையில் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேட்கிறார்கள். விடியற்காலையில் சுண்டிச் சிவக்கிற வெளிச்சத்தை இந்தத் தலைமுறைக்குக் காட்டக்கூட முடியாது.

இதில் பாதியை அந்த எலக்ட்ரீஷியன் பையனிடம் சொன்னேன். அவனுக்கு ஆசை வந்துவிட்டது. "இன்னும் ஓடுதான்னு பாத்துரலாங்க பெரியம்மா," என்று இரண்டு ஒயரைச் செருகி பிளக்கில் மாட்டினான். முள் ஒரு நடுக்கம் நடுங்கி, எழுந்து, நூறைத் தாண்டி, நூற்று அறுபதில் நிற்காமல் நேராகப் போய் அத்தையின் கடைசிப் பொட்டுக்குப் பின்னால் மறைந்தது.

"ஒளிஞ்சுருச்சுங்க அத்தை!" என்று நான் கத்திவிட்டேன்.

பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே நாற்காலியில் இருந்த இவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எட்டு பல்ப அணைக்கோணும்," என்றார்.